மூடிக் கணக்கும் சாரத்து ஈரமும்

யாழ்ப்பாணத்தின் கோப்பாய், நீர்வேலி, புத்தூர்ப் பக்கத் தோட்டக்காரர் 60 பேரிடம், பூச்சி மருந்து அவர்களுடைய உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்று ஆய்வு செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வினாக்கொத்தில் முக்கியமான கேள்விகள் மூன்று: எத்தனை ஆண்டாக மருந்து அடிக்கிறீர்கள், கிழமைக்கு எத்தனை தரம், கையுறையும் முகமூடியும் அணிவீர்களா. விரிவுரையாளர் ஒருவரோ இதெல்லாம் வேண்டாம், குருதி எடுத்துக் கொலினெஸ்தரேஸ் (சில பூச்சி மருந்துகள் தடுக்கும் ஒரு நொதி) பார்த்தால் போதும் என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். இப்போதிருக்கும் வடிவில் இரண்டுமே உங்களைக் கைவிட்டுவிடும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று அளவுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தில் எவ்வளவு மருந்து பாவிக்கப்பட்டது என்பது ஒன்று. அதில் எவ்வளவு ஆளின் உடுப்பிலும் தோலிலும் மூச்சிலும் பட்டது என்பது இரண்டாவது. பட்டதில் எவ்வளவு உடலுக்குள் போனது என்பது மூன்றாவது. உங்கள் வினாக்கொத்து முதலாவதை விசாரித்துவிட்டு மூன்றாவதைப் பற்றிப் பேச முயல்கிறது. நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் ஒரே மருந்தை ஒரே அளவில் அடித்த இரண்டு பேருக்குள் பத்து மடங்கு வித்தியாசம் வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை ஏக்கர், அதாவது 8 பரப்பு மிளகாய். 16 லீற்றர் முதுகுத் தாங்கியால் 10 தாங்கி அடிக்கிறார். ஒரு தாங்கிக்கு இரண்டு மூடி மருந்து, மொத்தம் 32 மில்லிலீற்றர். மருந்தில் லீற்றருக்கு 400 கிராம் நஞ்சு இருக்கிறது என்று வைப்போம். ஒரு தாங்கிக்கு 12.8 கிராம், கலந்த தண்ணீரின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 0.8 மில்லிகிராம். நாலு மணி நேர வேலையில், மணிக்கு 50 மில்லிலீற்றர் வீதம் அவருடைய உடம்பிலும் உடுப்பிலும் படுகிறது என்று எடுத்துக்கொண்டால் 200 மில்லிலீற்றர், அதாவது 160 மில்லிகிராம். அதில் ஐந்திலொன்று உடுப்பைக் கடந்தால் தோலில் 32 மில்லிகிராம். தோல் அதில் பத்திலொன்றை உறிஞ்சினால் 3.2 மில்லிகிராம். ஆள் 60 கிலோ என்றால், கிலோவுக்கு 0.053 மில்லிகிராம். இந்தக் கடைசி எண்ணைத்தான் அந்தந்த மருந்துக்கு வேலை செய்பவருக்கென வகுக்கப்பட்ட ஏற்கத்தக்க அளவோடு ஒப்பிடுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்தைப் பதிவு செய்யும்போது பயன்படுத்தும் கணிப்பு மாதிரிகளின் எலும்புக்கூடு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இந்த 50, ஐந்திலொன்று, பத்திலொன்று ஆகிய எண்களை எங்கிருந்து எடுப்பது என்ற சண்டை.

இனி அதே மனிதர் கிணற்றடியில் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றும்போது கை நடுங்கி ஒரு மில்லிலீற்றர் விரலில் வழிகிறது. ஒரே ஒரு மில்லிலீற்றர். அதில் இருப்பது 400 மில்லிகிராம். கலந்த தண்ணீரில் அரை லீற்றருக்குச் சமன். காலை முழுவதும் உடுப்பில் பட்டதைப் போல இரண்டரை மடங்கு. செறிந்த மருந்தைத் தோல் உறிஞ்சும் வீதம், ஐதான கலவையை உறிஞ்சும் வீதத்தை விடப் பொதுவாகக் குறைவு என்பது உண்மை. சோப்புப் போட்டு உடனே கழுவினால் இன்னும் குறையும். ஆனால் கழுவுவாரா, சாரத்தில் துடைத்துவிட்டுத் தாங்கியைத் தூக்குவாரா? உங்கள் வினாக்கொத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மருந்தைக் கலப்பது யார், எதனால் அளப்பது, எதனால் கலக்குவது, கையில் பட்டால் என்ன செய்வது: இந்த நாலு கேள்விகள், எத்தனை ஆண்டு என்ற கேள்வியை விட உங்களுக்கு அதிகம் சொல்லும். பல இடங்களில் ஒருவர் கலந்து கொடுப்பார், கூலிக்கு வந்தவர் அடிப்பார். இருவரையும் ‘மருந்து அடிப்பவர்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

முகமூடியைப் பற்றி ஒரு சொல். நம்மவர்களுக்கு நஞ்சு என்றால் மூக்குத்தான் நினைவுக்கு வரும், மணக்கிறதல்லவா. ஆனால் வயலில் தெளிப்பவருக்குப் பெரும் பங்கு தோல் வழியேதான் போகிறது. டர்ஹாம், வுல்ஃப் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1962இல் இதை அளக்கும் முறைகளைத் தொகுத்து எழுதினார்கள். அதன் பிறகு வந்த அளவீடுகளும் மீண்டும் மீண்டும் இதையே காட்டின. மூடிய களஞ்சியத்தில் புகையூட்டுவது வேறு கதை. தோட்டத்தில் வாயைத் துவாயால் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு அடிப்பவர், சின்ன வாசலை அடைத்துவிட்டுப் பெரிய வாசலைத் திறந்து வைக்கிறார். அந்தத் துவாய் நனைந்தால் அதுவே வாயோடு ஒட்டிய மருந்துத் துணியாகிவிடும்.

தோலும் உடம்பெங்கும் ஒரே தோல் அல்ல. மைபாக் என்பவரும் அவருடைய குழுவினரும் 1971இல் வெளியிட்ட அளவீட்டில், பரதியன் என்ற நஞ்சை முன்கை சுமார் 8.6 சதவீதம் உறிஞ்சியது. உள்ளங்கை 11.8, உச்சந்தலை 32, அக்குள் 64. விதைப்பையின் தோலோ வைத்ததை ஏறத்தாழ முழுவதுமாகவே உள்ளே விட்டுவிட்டது. (பரதியனை இலங்கையில் 1984இலேயே தடை செய்துவிட்டார்கள், எண்கள் மருந்துக்கு மருந்து மாறும், உடம்பின் வரிசை பெரிதாக மாறாது.) இதை வாசித்தபோது எனக்கு என் தகப்பனாரின் சாரம்தான் நினைவுக்கு வந்தது. தாங்கியின் அடி வாசர் தேய்ந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும். முதுகு வழியே இறங்கி இடுப்பில் மடித்துக் கட்டிய சாரத்தில் சேரும். பத்து மணிக்கு வீட்டுக்கு வரும்போது சாரத்தின் பின்பக்கம் ஈரமாக இருக்கும். அதோடேயே திண்ணையில் இருந்து தேநீர் குடிப்பார். அந்த ஒழுக்கு ஒரு காலையில் 100 மில்லிலீற்றர் என்று வைத்தாலும், மேலே போட்ட கணக்கின்படி 80 மில்லிகிராம், அதுவும் உடம்பு மிக எளிதாக உறிஞ்சும் இடத்துக்குப் பக்கத்தில், மணிக்கணக்காக. ஆகவே வினாக்கொத்தை வீட்டு முற்றத்தில் இருந்து நிரப்பாதீர்கள். தாங்கியைத் தூக்கி வரச் சொல்லி, தண்ணீர் நிரப்பி, பத்து நிமிடம் மதிலில் வைத்துவிட்டுக் கீழே பாருங்கள். குழாய்ப் பூட்டையும் கைப்பிடியையும் பாருங்கள். முனை அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ‘வாயால் ஊதுவேன்’ என்ற பதில் வந்தால் ஆச்சரியப்படாமல் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றிலை, சுருட்டு, பீடி ஆகியவற்றையும் அங்கேயே விசாரியுங்கள்; கையிலிருந்து வாய்க்குப் போவது அந்த வழியாகத்தான்.

நேரடியாக அளப்பது எப்படி? மிகப் பழைய முறை ஒட்டுத்துண்டு. 10 சென்ரிமீற்றர் சதுரத்தில் பஞ்சுக் காகிதத் துண்டுகளை நெஞ்சு, முதுகு, தோள், முன்கை, தொடை, கணைக்கால் என்று உடுப்பின் மேலும் உள்ளேயும் ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்து ஆய்வுகூடத்தில் நஞ்சை அளப்பார்கள். அந்தத் துண்டில் கிடைத்ததை அந்த உறுப்பின் முழுப் பரப்புக்கும் பெருக்குவார்கள். ஒழுகும் தாங்கிக்கு இந்த முறை பொருந்தாது: ஒழுக்கு துண்டில் விழுந்தால் முதுகு முழுவதும் நனைந்ததாகக் கணக்கு வரும், துண்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் முதுகு காய்ந்ததாக வரும். இதனால்தான் பிறகு உடம்பு முழுவதையும் மூடும் பருத்தி உள்ளுடுப்பை அணியச் செய்து, அதைத் துண்டு துண்டாக வெட்டி அளக்கும் முறை வந்தது. கைகளைக் கழுவி அந்த நீரை அளப்பதும் அதனோடு சேர்ந்தது. நல்ல முறைதான். வெயிலில் இரண்டு அடுக்கு உடுப்போடு நிற்கச் சொன்னால் நம் தோட்டக்காரர் அன்றைக்கு வழமை போல் வேலை செய்வாரா என்பதையும், 60 பேருக்கான ஆய்வுகூடச் செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையிருப்புக்கு ஏற்றது ஒளிரும் சாயம். மருந்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரில், தோலுக்குத் தீங்கில்லாத ஒளிரும் சாயத்தைக் கலந்து வழமை போல அடிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் இருட்டறையில் புற ஊதா விளக்கில் பாருங்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கின் பெரிய வகை போதும். உடம்பின் எந்தெந்த இடம் எவ்வளவு ஒளிர்கிறது என்று படம் எடுத்து, உறுப்புவாரியாகப் புள்ளி கொடுக்கலாம். மில்லிகிராம் கிடைக்காது. ஆனால் யாருக்கு அதிகம், எந்த இடத்தில் அதிகம் என்பது கண்ணுக்கு முன்னால் கிடைக்கும். தோட்டக்காரரும் தன் முதுகைத் தானே பார்ப்பார். நான் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாலும் அது நடக்காது. நெறிமுறைக் குழுவின் அனுமதியை இதற்கும் எடுத்துவிடுங்கள்.

இனிக் குருதிக்கு வருவோம். கொலினெஸ்தரேஸ் நொதியைத் தடுப்பவை ஓகனோபொசுபேற்று, காபமேற்று ஆகிய இரண்டு வகைப் பூச்சி மருந்துகள் மட்டுமே. இலங்கையில் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் போன்ற கொடிய ஓகனோபொசுபேற்றுகள் 1995இல் தடைப்பட்டன; டைமெதோயேற், பென்தியன் ஆகியவை பிற்பாடு போயின. இன்று ஒருவர் பைரத்திரொயிட், அபமெக்டின், மங்கோசெப் போன்ற வேறு வகை மருந்துகளை அடிப்பவராக இருந்தால், தலை முதல் கால் வரை நனைந்தாலும் அவருடைய கொலினெஸ்தரேஸ் அசையாது. அறிக்கையில் ‘வெளிப்பாடு இல்லை’, அதாவது மருந்து உடம்பில் படவே இல்லை என்று வந்துவிடும். அது பொய்.

சரியான மருந்தாகவே இருந்தாலும் ஒற்றைத் தடவை எடுத்த குருதி அதிகம் பேசாது. ஆளுக்கு ஆள் இயல்பு அளவு மிகவும் வேறுபடும். இயல்பிலேயே உயர்ந்த அளவு உள்ள ஒருவர் மூன்றிலொன்றை இழந்த பிறகும் ஆய்வுகூடத் தாளில் ‘இயல்பு எல்லை’க்குள்ளேயே நிற்பார். ஆகவே மருந்து அடிக்காத காலத்தில் அவருடைய சொந்த அடிப்படை அளவை எடுத்து, பிறகு அவரை அவரோடேயே ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் சட்டமே அப்படித்தான் இருக்கிறது: அடிப்படை அளவின் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வேலை முறையை ஆராய வேண்டும், செங்குருதிக் கல நொதி 70 சதவீதத்துக்கோ, குருதித் திரவ நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் ஆளை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். நம் பக்கத்தில் மருந்தே அடிக்காத மாதம் ஒன்றைக் கண்டுபிடிப்பது உங்கள் முதல் தலையிடியாக இருக்கும். காலபோகப் பயிர் அறுத்து முடிந்து அடுத்த நடுகைக்கு நிலம் பண்படுத்தும் இடைவெளியைத் தோட்டம் தோட்டமாக விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்பவை. அவற்றின் நொதி புதிய கலங்கள் வந்துதான் மீளும் என்பதால் இரண்டு கிழமை ஓய்வு போதாது.

சிறுநீரில் மருந்தின் உடைவுப் பொருளைத் தேடுவது இன்னும் நேரான வழி. குளோர்பைரிபொஸ் என்ற ஓகனோபொசுபேற்று உடலில் உடைந்து வரும் பொருளின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், சுமார் 27 மணி. அதனால் மருந்து அடித்த மாலையும் அடுத்த இரண்டு காலையும் சேகரித்தால் ஒரு நாளின் வேலையைப் பிடிக்கலாம். ஒரு கிழமை கழித்துப் போனால் வாழைக்குலை வெட்டிய பிறகு மரத்தைப் பார்க்கப் போன கதைதான். இரண்டு எச்சரிக்கை. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தவரின் சிறுநீர் செறிந்திருக்கும். சிறுநீரில் ஏறத்தாழ ஒரே வீதத்தில் கழியும் கிரியற்றினின் என்ற பொருளின் அளவைக் கொண்டு திருத்தாவிட்டால் தாகத்தை நஞ்சென்று எழுதிவிடுவீர்கள். அடுத்து, அதே உடைவுப் பொருள் மரக்கறியிலும் ஏற்கெனவே உடைந்த நிலையில் இருக்கக்கூடும். அதைச் சாப்பிட்ட வங்கி ஊழியரின் சிறுநீரிலும் அது வரும். தோட்டம் செய்யாத ஒரு ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இதெல்லாம் இன்றைய நாளின் அளவு. நீங்கள் பார்க்க விரும்பும் நோய் இருபது ஆண்டுப் பழக்கத்தால் வருவதென்றால் நினைவைத்தான் கிண்ட வேண்டும். 2001இல் எத்தனை தரம் அடித்தீர்கள் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆண்டைக் கேட்காமல் ஊரின் காலக்கோட்டை அவர் முன் விரியுங்கள். 1987இல் இந்திய இராணுவம் வந்த காலம். உரமும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்ட தொண்ணூறுகள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் பூட்டியது. 2021இல் இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதி செய்யத் தடை விழுந்து, அதே ஆண்டு நவம்பரில் தளர்ந்தது. ‘பாதை பூட்டியிருந்தபோது உங்களுக்கு மருந்து கிடைத்ததா, என்ன போத்தல், எங்கே வாங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்குவார். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் தோட்டத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் உங்கள் 60 பேருக்குள் நிச்சயம் இருப்பார்கள். ‘40 ஆண்டாகத் தோட்டம்’ என்று அவர்கள் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் தோட்டக்காரர்; ஆனால் அதில் இருபது ஆண்டு தாங்கியைத் தொட்டிருக்கமாட்டார்கள், அல்லது வேறொருவர் காணியில் கூலிக்கு முன்னிலும் அதிகமாக அடித்திருப்பார்கள். இந்த வெட்டுகளைப் போடாத ஆய்வு யாழ்ப்பாணத்தில் செய்த ஆய்வாகாது.

மருந்தின் பெயரை விடப் போத்தலின் நிறம், மணம், தண்ணீரில் கலந்தால் பாலாகுமா தெளிவாக நிற்குமா என்பவை நினைவில் நிற்கும். படங்களை எடுத்துப் போங்கள். தடை ஆண்டுகள் உங்களுக்கு உரைகல். மொனோகுரோட்டோபொஸை 2005இல் அடித்தேன் என்று ஒருவர் சொன்னால், நினைவு பிசகியிருக்கலாம். பழைய சரக்காகவோ கடலால் வந்ததாகவோ இருக்கலாம். பொய்யென்று வெட்டிவிடாமல் அருகில் ஒரு குறி இடுங்கள்.

இவ்வளவையும் எப்படி ஒரு எண்ணாக்குவது? அமெரிக்காவில் அயோவா, வட கரோலைனா மாநிலங்களில் 1993இல் தொடங்கிய வேளாண் நல ஆய்வு, இதற்கு எளிய வாய்பாடு ஒன்றை 2002இல் வெளியிட்டது. கலத்தல், தெளித்தல், கருவியைத் திருத்துதல் மூன்றுக்கும் தனித்தனிப் புள்ளி கொடுத்துக் கூட்டி, பாதுகாப்பு உடுப்புக்கான பின்னத்தால் பெருக்குவார்கள். கிடைப்பது ஒரு நாள் வேலையில் எவ்வளவு படுகிறது என்பதற்கான புள்ளி, அதை ஆண்டுக்கான நாட்களாலும் ஆண்டுகளாலும் பெருக்கினால் வாழ்நாள் வெளிப்பாட்டின் மதிப்பு. கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், புள்ளிகளை அப்படியே எடுக்காதீர்கள். அது உழவு இயந்திரத்தில் ஏறி அடிப்பவர்கள் நிறைந்த நாட்டுக்கு எழுதியது. இங்கே எல்லோருமே முதுகுத் தாங்கிக்காரர். தெளித்தல் நிரலில் 60 பேருக்கும் ஒரே புள்ளி விழும். நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியவை வேறு: தாங்கி ஒழுகுமா, அடித்த பாத்திக்குள் முன்னோக்கி நடப்பாரா பின்னோக்கியா, சோழகக் காற்றில் அடிப்பாரா, சாரமா காற்சட்டையா, எத்தனை மணிக்குக் குளிப்பார். கையுறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு குறைப்புக் கொடுக்க வேண்டாம். உள்ளே மருந்து புகுந்த பழைய கையுறை, கையை மருந்தில் ஊற வைக்கும் பை. என் கருத்தைக் கேட்டால், இத்தனை மில்லிகிராம் என்று எழுதும் ஆசையை விட்டுவிட்டு, 60 பேரையும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று நேர்மையாக வரிசைப்படுத்துங்கள். அதில் 15 பேரிடம் வெவ்வேறு மூன்று நாட்களில் சிறுநீர் எடுத்து அந்த வரிசை சரிதானா என்று சோதியுங்கள். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் வரும் மாற்றம் பெரிது. 45 பேரிடம் ஆளுக்கு ஒரு தடவை மட்டும் எடுப்பதால் அதைக் காணவே முடியாது.

புகையிலைத் தோட்டங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பனியில் நனைந்த புகையிலையை முறிப்பவருக்கு இலையின் நிக்கொற்றின் தோல் வழியே ஏறி, தலைசுற்றும், குமட்டும், வாந்தி வரும். மருந்து நஞ்சேறியதைப் போலவே தோன்றும். முறிப்புக் காலத்தில் அறிகுறிகளை விசாரித்தால், முந்தின நாள் மருந்து அடித்தாரா, அன்று காலை இலை ஈரமாக இருந்ததா என்று இரண்டையும் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் பட்டியலில் 60 பேரும் ஆண்கள். பெண்கள் மருந்து அடிப்பதில்லையே என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். மேலே கணக்குப் போட்ட அதே 8 பரப்பு மிளகாய்க்கு மறுநாள் காலை பழம் ஆயப் பெண்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் அடித்தது 128 கிராம் நஞ்சு, ஹெக்டேயருக்கு 0.64 கிலோ. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் இயல்பு மதிப்புப்படி, ஹெக்டேயருக்கு ஒரு கிலோ அடித்தால் இலையின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் கையோடு கழன்று வரக்கூடியது 3 மைக்கிரோகிராம். இங்கே 1.92. மரக்கறி ஆய்பவர், உடம்பை மூடி வெறுங்கையோடு வேலை செய்தால் மணிக்கு 2500 சதுர சென்ரிமீற்றர் இலையிலுள்ளதைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறார். மணிக்கு 4.8 மில்லிகிராம். ஆறு மணி நேரம் ஆய்ந்தால் 28.8. அடித்தவரின் தோலில் நாம் கண்டது 32. அடித்தவர் கிழமைக்கு ஒரு காலை அடிக்கிறார், பெண்கள் இன்று இந்தத் தோட்டம், நாளை அடுத்த தோட்டம் என்று தினமும் போகிறார்கள். சேலைக்கு மேலே ஆண்களின் நீளக்கைச் சேட்டு ஒன்றைப் போட்டிருப்பார்கள்; பல வீடுகளில் அது மருந்து அடித்தவர் கழற்றி வைத்த பழைய சேட்டாகவே இருக்கும். அதை யார், எந்த வாளியில், யாருடைய உடுப்போடு சேர்த்துத் தோய்க்கிறார்கள் என்பதையும் வினாக்கொத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.